பாடுபவரின் சொல் அவையை எட்ட வேண்டுமானால்

சிங்கப்பூரில் உங்கள் சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழு நடத்தும் இசை நிகழ்ச்சிக்கு இந்த ஆண்டும் ஒலிக்கலவைப் பொறுப்பை நீங்கள் ஏற்றிருக்கிறீர்கள். மண்டபத்தில் ஏறத்தாழ 300 பேர் அமர்வார்கள். மேடையில் டிரம்ஸ், பேஸ் கிட்டார், லீட் கிட்டார், கீபோர்டு, தபேலா, மிருதங்கம், புல்லாங்குழல் ஆகியவற்றோடு நான்கு பாடகர்கள் இருப்பார்கள். சென்ற முறை பாடல் வரிகள் புரியவில்லை என்றும், ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து கூவும் ஃபீட்பேக் அடிக்கடி கிளம்பியது என்றும், முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்ட அதே நேரத்தில் பின்வரிசையினர் சத்தம் போதவில்லை என்று குறைப்பட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒலியின் அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்யூவை எப்படி வைப்பது, இப்போதுள்ள 24 சானல் டிஜிட்டல் மிக்சருக்குப் பதிலாகப் புதியது வாங்க வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள்.

நீங்கள் கேட்ட ஈக்யூ எண்களைப் பிறகு தருகிறேன். அதற்கு முன், முதல் இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே என்பதைச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் ஒலிப்பது முழுவதும் உங்கள் மிக்சர் வழியாக வருவதில்லை. டிரம்ஸ், கிட்டார் ஆம்ப், மேடையில் இருப்பவர்கள் தம் ஒலியைக் கேட்பதற்கான ஸ்பீக்கர்களான மானிட்டர்கள் ஆகியவற்றிலிருந்து நேரடியாகக் கிளம்பும் ஒலி உங்கள் கட்டுப்பாட்டுக்கு வெளியே ஏற்கெனவே மண்டபத்தை நிரப்பிவிடுகிறது. அதே ஒலி பாடகர்களின் மைக்குக்குள்ளும் நுழைந்து, அவர்களின் குரலை நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு முறையும் சேர்ந்தே ஏறுகிறது. இந்த அளவுள்ள மண்டபங்களில் கலவை கெடுவதற்கு மிக்சரில் செய்த தவறுகளை விட மேடையில் செய்யாமல் விட்ட குறைப்புகளே பெரிய காரணம் என்பது பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் என் உறுதியான கருத்து. ஆகவே முதல் வேலையை மேடையில் தொடங்குங்கள்.

பாடகருக்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரம்தான் அங்கே முதலில் கவனிக்க வேண்டியது. ஒலி மூலத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒலியளவு 6 டெசிபெல் குறையும். பத்து மடங்கானால் 20 டெசிபெல் குறையும். உதட்டிலிருந்து 3 சென்டிமீட்டரில் மைக்கைப் பிடித்துப் பாடும் ஒருவர், கையைத் தளர்த்தி அதை மார்புக்கு நேராக 30 சென்டிமீட்டரில் இறக்கினால், நீங்கள் ஈடுகட்ட வேண்டியது அந்த 20 டெசிபெல். அவருக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் இருக்கும் சிம்பல் அசையவே இல்லை. எனவே குரலுக்காக 20 டெசிபெல் கூட்டும்போது சிம்பலையும் 20 டெசிபெல் கூட்டிவிடுகிறீர்கள். எந்த ஈக்யூவும் இதைச் சரிசெய்யாது. நிகழ்ச்சிக்கு முந்திய ஒத்திகையிலேயே நான்கு பாடகர்களிடமும் மைக்கை எங்கே பிடிப்பது என்று பணிவாகச் சொல்லிக்கொடுங்கள். மைக்கின் வலைத்தலையைக் கைக்குள் மூடிப் பிடிக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தலைக்குப் பின்புறமுள்ள துளைகள் அடைபட்டால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கத் தொடங்கும், உடனே ஃபீட்பேக் கிளம்பும்.

அடுத்து டிரம்ஸ் இருக்கும் இடம். பெரும்பாலான மேடைகளில் டிரம்ஸ் நடுவில், பாடகர்களுக்கு நேர் பின்னால் போடப்படுகிறது. பார்வைக்கு அது அழகுதான். ஆனால் பாடகரின் மைக் அவருடைய வாயை நோக்கித் திரும்பியிருப்பதால், அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் டிரம்ஸையும் அது நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டிரம்ஸைப் பக்கவாட்டில் ஒரு மூலைக்கு நகர்த்தி, பாடகர்களை மறுபக்கம் சற்று முன்னே நிறுத்தினால், மைக்கில் கசியும் ஒலி கேட்கும்படியாகவே குறையும். தாளக் கலைஞரிடம் மெல்லிய குச்சிகளையோ, மூங்கில் நார்களைக் கட்டிய குச்சிகளையோ பயன்படுத்தச் சொல்லுங்கள். கிட்டார் ஆம்பைத் தரையில் வைத்து முழங்காலுக்கு வாசிப்பதை விட, சாய்த்து வைத்து வாசிப்பவரின் காதை நோக்கித் திருப்புங்கள். தமக்கு நன்றாகக் கேட்கும்போது அவரே ஒலியைக் குறைத்துக்கொள்வார். பேஸ் கிட்டாரையும் கீபோர்டையும், கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் வழியாக நேராக மிக்சருக்குள் எடுத்துவிட்டால் அவற்றுக்கு மேடையில் பெரிய ஆம்ப் தேவையே இல்லை.

மானிட்டர் விஷயத்தில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். பாடகர் கைகளில் நாம் எங்கும் காணும் ஷூர் எஸ்எம்58 மைக் 1966 முதல் சந்தையில் இருக்கிறது; அது கார்டியாய்டு வகை. அதாவது அதன் நேர் பின்புறத்திலிருந்து வரும் ஒலியை அது மிகக் குறைவாகவே வாங்கும். ஆகவே மானிட்டரைப் பாடகருக்கு நேர் எதிரில், மைக்கின் வால் சுட்டும் திசையில் வைக்க வேண்டும். ஆனால் பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டு மைக்குகளுக்கு நேர் பின்புறத்தில் சிறிது உணர்திறன் உண்டு. அவை மிகக் குறைவாக வாங்குவது முன் அச்சிலிருந்து ஏறத்தாழ 125 பாகைக் கோணத்தில். அவற்றுக்கு மானிட்டர் சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். விலை கூடிய மைக்கை வாங்கிய பிறகு ஃபீட்பேக் கூடிவிட்டது என்று சொல்பவர்களிடம் போய்ப் பார்த்தால், மைக் மட்டும் மாறியிருக்கும், மானிட்டர் பழைய இடத்திலேயே கிடக்கும்.

மானிட்டரில் என்ன கொடுப்பது என்பதில் கஞ்சத்தனம் நல்லது. பாடகருக்குத் தம் குரலும், சுருதியைப் பிடித்துக்கொள்ளக் கீபோர்டும், தாளத்துக்குத் தபேலாவோ கிக் டிரம்மோ கொஞ்சமும் போதும். புல்லாங்குழலும் கிட்டாரும் முழு டிரம்ஸும் எல்லா மானிட்டரிலும் ஓடினால் மேடையே இன்னொரு மண்டபமாகிவிடும். ஒத்திகை ஒன்றில் ஒரு பாடகி தம் குரல் கேட்கவே இல்லை என்று மூன்று முறை கை உயர்த்தினார். அவருடைய குரலை நான் தொடவில்லை. அவருடைய மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்த கீபோர்டையும் கிட்டாரையும் 6 டெசிபெல் இறக்கினேன். “இப்பத்தான் நல்லாக் கேக்குதுண்ணே, இதுக்கு மேல ஏத்தாதீங்க” என்றார். மேடையிலிருந்து “ஏற்றுங்கள்” என்று கேட்கப்படும்போதெல்லாம், எதை இறக்கினால் அவர் கேட்பது கிடைக்கும் என்று முதலில் யோசியுங்கள். மானிட்டருக்குப் பிரித்தனுப்பும் சென்ட்கள் எல்லாம் ப்ரீ-ஃபேடராக, அதாவது சானலின் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்பே எடுக்கப்படுபவையாக, இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்ட்-ஃபேடராக இருந்தால், அவைக்காக நீங்கள் ஒரு ஃபேடரை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் மேடையில் இருப்பவர்களின் மானிட்டரும் மாறும். அவர்கள் தடுமாறுவார்கள், காரணம் யாருக்கும் புரியாது.

ஃபீட்பேக்கை முன்கூட்டியே அடக்கும் முறை எளிது. ஆளில்லாத மண்டபத்தில் ஒவ்வொரு மானிட்டரையும் அதன் மைக்கோடு தனித்தனியாக மெல்ல ஏற்றுங்கள். முதலில் கூவும் அதிர்வெண்ணை 31 பட்டை கிராஃபிக் ஈக்யூவில் 3 முதல் 6 டெசிபெல் வரை வெட்டுங்கள். மீண்டும் ஏற்றி அடுத்ததை வெட்டுங்கள். மூன்று அல்லது நான்கு வெட்டுகளோடு நிறுத்திவிட வேண்டும். பத்துப் பட்டைகளை வெட்டிய மானிட்டரில் குரல் தொலைபேசியில் வருவது போலாகி, பாடகர் இன்னும் ஏற்றச் சொல்வார். பட்ட பாடெல்லாம் வீணாகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும்போதெல்லாம், ஃபீட்பேக் வருவதற்கு முன் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒலியளவில் 3 டெசிபெல்லை இழக்கிறீர்கள். மூன்று மைக் போதுமான பாடலுக்குப் பன்னிரண்டு மைக்கைத் திறந்து வைத்தால் 6 டெசிபெல் போய்விடும். அறிவிப்பாளரின் மைக்கைப் பாட்டு தொடங்கியவுடன் மூடுங்கள். ஒருவர் பாடும்போது மற்ற மூவரின் ஃபேடரையும் 8 டெசிபெல் அளவுக்கு இறக்கி வையுங்கள். முழுவதும் மூடினால் அவர்கள் திடீரென்று சேர்ந்து பாடும் இடத்தில் முதல் சொல் பறிபோகும். பாடல் பட்டியலையும், எந்த வரியில் யார் நுழைகிறார் என்பதையும் தாளில் எழுதி மிக்சருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வது இதற்காகத்தான். நான் பார்த்தவரை, நல்ல கலவைக்காரர்கள் பெரும்பாலும் பாட்டுகளை நன்கு மனப்பாடம் செய்தவர்களாகவே இருக்கிறார்கள்.

மைக்கின் சிக்னல் மிக்சருக்குள் நுழையும்போதே அதைப் பெருக்கும் கெய்ன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சியில் வாசிக்கப்போகும் உச்ச ஒலியளவில் வாசிக்கச் சொல்லி, டிஜிட்டல் மீட்டரில் சராசரி மைனஸ் 18 டெசிபெல்லைச் சுற்றி நிற்கும்படி கெய்னை வையுங்கள். அதற்குப் பின் கெய்னைத் தொடாதீர்கள், ஏனென்றால் கெய்ன் மாறினால் மானிட்டரும் மாறும்.

தோல் கருவிகளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகளில் டிரம்ஸுக்குப் பத்துப் பக்கம் இருக்கும், மிருதங்கத்துக்கு ஒரு வரியும் இருக்காது. மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வையுங்கள். வலக்கையால் வாசிக்கும் வலந்தலைப் பக்கத்து மைக்கைத் தோலிலிருந்து ஒரு சாண் தள்ளி, விரல்கள் விழும் இடத்துக்குச் சற்று மேலிருந்து நோக்கும்படி சாய்த்து வைத்தால், ‘நம்’, ‘தின்’ ஆகிய சொற்களின் நாதமும் விரலின் தெளிவும் இணைந்து கிடைக்கும். தோலின் நடுவிலுள்ள கரும்பூச்சுக்கு நேர் எதிரில் ஒட்டி வைத்தால் விரல் தட்டும் ஒலி மட்டும் தூக்கலாக வரும். இடக்கையால் வாசிக்கும் தொப்பிப் பக்கத்தில் கையசைவுக்கு இடம் விட்டு வையுங்கள். இரண்டு தோல்களும் ஒன்றையொன்று நோக்கியிருப்பதால், ஒரு பக்கம் உள்ளே அமுங்கும் நேரத்தில் மறுபக்கத்து மைக் அதற்கு மாறான அசைவை உணரக்கூடும். இரண்டு சானலும் சேரும்போது அடியொலி ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே இரண்டையும் திறந்து வைத்து, ஒன்றின் ஒலியலையைத் தலைகீழாக்கும் பொலாரிட்டி பொத்தானை அழுத்தியும் விடுவித்தும் கேளுங்கள். எந்த நிலையில் தொப்பி நிறைவாக ஒலிக்கிறதோ அதுவே சரி. தவிலுக்கும் இந்தச் சோதனை பொருந்தும், ஆனால் 300 பேர் மண்டபத்தில் தவிலுக்கும் நாதசுவரத்துக்கும் மைக்கே வேண்டியிருக்காது.

எல்லாச் சானலிலும் பழக்கத்தால் 120 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரைப் போட்டுவிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். குரலுக்கும் புல்லாங்குழலுக்கும் அது நல்லது. தொப்பிக்கும் தபேலா இணையில் இடக்கைப் பெரிய கருவியான டக்காவுக்கும் அதையே போட்டால், வாசிப்பவர் மணிக்கட்டை அழுத்தி எழுப்பும் வளைந்த அடியொலியான கும்கி அவைக்குப் போகாது. அவர் கை அசைவது தெரியும், ஒலி வராது. அந்த இரண்டு சானல்களுக்கும் ஃபில்டரை 50 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கிவிட்டு, அதே இடத்தை நிரப்பும் கீபோர்டின் இடக்கையையும் பேஸ் கிட்டாரையும் சற்று ஒதுக்குங்கள். சிங்கப்பூரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈரப்பதமான வெளிக்காற்றிலிருந்து குளிரூட்டப்பட்ட மண்டபத்துக்குள் வரும் தோல், உலர உலர இறுகிச் சுருதி ஏறும். வண்டியிலிருந்து இறக்கியவுடனே சவுண்ட் செக் செய்து முடித்துவிட்டால், நிகழ்ச்சி நேரத்தில் மிருதங்கம் வேறு சுருதியில் நிற்கும். தாளக் கலைஞர்கள் தம் கருவிகளை ஒரு மணி நேரத்துக்கு முன்பே உறையிலிருந்து எடுத்து மேடையில் வைக்கட்டும்.

புல்லாங்குழலுக்கு மைக்கை ஊதுதுளைக்கு நேராக வைத்தால் மூச்சுக்காற்றுதான் கேட்கும். சற்று மேலே, ஊதுதுளைக்கும் முதல் விரல்துளைக்கும் இடைப்பட்ட பகுதியை நோக்கி, நுரையுறை போட்டு வையுங்கள். டிரம்ஸைப் பொறுத்தவரை, இந்த அளவு மண்டபத்தில் கிக் டிரம்முக்கு ஒரு மைக் போதும். ஸ்னேரும் சிம்பலும் தாமாகவே கடைசி வரிசை வரை போகும். எட்டு மைக் வைக்கும் ஆசையை இங்கே அடக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்ட ஈக்யூ. மைக்கை உதட்டருகே பிடிக்கும்போது அடியொலி பெருகுவது ஒரு திசை ஒலியை மட்டும் கூடுதலாக வாங்கும் மைக்குகளின் இயல்பு. அதனால் ஆண் குரலுக்கு 100, பெண் குரலுக்கு 140 ஹெர்ட்ஸ் அளவில் ஹைபாஸ் ஃபில்டர் போடலாம். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மண்டபத்தின் முழக்கமும் குரலின் கனமும் கூடிக் கலங்கும். அங்கே 3 டெசிபெல் இறக்கினாலே சொல் வெளியே வரும். பலர் அடுத்ததாகச் செய்வது 2,000 ஹெர்ட்ஸைச் சுற்றிப் பள்ளம் பறித்து, குரலை ‘மென்மை’ ஆக்குவது. தமிழ்ப் பாட்டுக்கு இதைச் செய்யாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். ழகர, லகர, ளகரங்களைக் காது பிரித்தறிய உதவும் ஒலிக்கூறுகளில் முக்கியமானவை ஏறத்தாழ 1,500 முதல் 2,500 ஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. அங்கே பள்ளம் விழுந்தால் ‘வாழை’யும் ‘வாளை’யும் ஒன்றாகும். பாடகர் எவ்வளவு திருத்தமாக உச்சரித்தாலும் அவைக்கு அது சேராது. பிறகு, இக்காலப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு வரவில்லை என்று பழி அவர்மீது விழும். தமிழை வீட்டில் குறைவாகவே கேட்டு வளரும் பிள்ளைகள் அவையில் அமர்ந்திருக்கும் ஊரில், அவர்கள் காதில் ஒரு ழகரம் முழுமையாக விழச் செய்வது நம் கையில் இருக்கிறது என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

குரல் காதைக் குத்தினால் பெரும்பாலும் 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில் ஓர் ஒடுங்கிய வெட்டு போதும். ‘ச’, ‘ஸ்’ சீறினால் 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸில், சீறலை மட்டும் அடக்கும் டீ-எஸ்ஸரை மெல்ல வையுங்கள். அதற்குப் பிறகும் சொல் தெளியவில்லையென்றால், குரலை விட்டுவிட்டு, கீபோர்டிலும் கிட்டாரிலும் அந்த 2,000 ஹெர்ட்ஸ் பகுதியை 3 அல்லது 4 டெசிபெல் இறக்குங்கள். பாடும்போது விலகி, இடையிசையில் மட்டும் நிறைத்து வாசிக்கும் கீபோர்டுக் கலைஞர் ஒருவர் அமைந்துவிட்டால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. ஒத்திகையில் அவரிடம் இதை நேராகப் பேசலாம். நல்ல கலைஞர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

கம்ப்ரஸரைக் குரலுக்கு 3:1 விகிதத்தில், உரத்த வரிகளில் மட்டும் 4 டெசிபெல் அளவு அமுக்கும்படி வையுங்கள். அதற்கு மேல் அமுக்கினால் மெல்லிய இடங்களில் மேடைச் சத்தமும் ஃபீட்பேக்கும் மேலே வரும். செயற்கை எதிரொலியான ரிவெர்ப் சிறிதளவு போதும், மண்டபமே போதிய அளவு தருகிறது. அறிவிப்பாளர் பேசும்போது ரிவெர்ப்பை மூடிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குறையான முன்வரிசை, பின்வரிசைச் சிக்கலுக்குக் காரணம் ஸ்பீக்கர்களின் உயரம். சமூக மன்றப் பல்நோக்கு மண்டபங்கள் பெரும்பாலும் பூப்பந்தாட்டத்துக்கும் திருமண விருந்துக்கும் சேர்த்துக் கட்டப்பட்டவை. தரை கடினம், எதிரெதிர்ச் சுவர்கள் வெறுமையானவை. ஸ்பீக்கரை ஆளுயரத்தில் வைத்தால் முதல் வரிசை 3 மீட்டரிலும் கடைசி வரிசை 24 மீட்டரிலும் இருக்கும். எட்டு மடங்கு தூரம் என்பது திறந்தவெளிக் கணக்கில் 18 டெசிபெல் வேறுபாடு. மண்டபத்தின் எதிரொலி அதைக் குறைத்தாலும், பின்வரிசைக்குப் போய்ச் சேர்வது தெளிவான ஒலியாக இருக்காது. ஸ்டாண்டை ஏற்றக்கூடிய அளவுக்கு ஏற்றி, ஸ்பீக்கரைக் கீழ்நோக்கிச் சற்றுச் சாய்த்து, அதன் அச்சு மண்டபத்தின் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் அமர்ந்திருப்பவர்களை நோக்கும்படி வைத்தால், முன்வரிசை அச்சுக்குக் கீழே விலகிவிடும், பின்வரிசை நேராக வாங்கும். ஸ்பீக்கர்கள் எல்லா மைக்குகளுக்கும் முன்னால் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆயினும் திரைச்சீலைக்குப் பக்கத்தில் அழகாக இருக்கும் என்று பின்னுக்குத் தள்ளி வைப்பதை இன்றும் பார்க்கிறேன்.

அப்படியும் பின்பகுதி தெளியவில்லையென்றால், நடுவில் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை வைத்து அவற்றுக்குத் தாமதம் கொடுங்கள். நம் வெப்பநிலையில் ஒலி ஒரு மில்லிவினாடியில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் போகும். முன் ஸ்பீக்கருக்கும் நடு ஸ்பீக்கருக்கும் இடையே 18 மீட்டர் என்றால் ஏறத்தாழ 51 மில்லிவினாடி. அதோடு இன்னும் 10 முதல் 15 மில்லிவினாடி கூட்டுங்கள். ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் ஆய்வேட்டில் விளக்கியபடி, சில மில்லிவினாடிகள் பிந்தி வரும் ஒலி சற்று உரத்திருந்தாலும், முதலில் வந்த ஒலியின் திசையையே காது ஏற்கும். பின்வரிசையினருக்குத் தெளிவு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து கிடைக்கும், ஆனால் பாட்டு மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும்.

மண்டபத்தின் எதிரொலி உங்களுக்கு மட்டுமுள்ள தொல்லை என்று எண்ண வேண்டாம். 2002இல் திறக்கப்பட்ட சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கச்சேரி அரங்கின் ஒலியமைப்பை ரஸ்ஸல் ஜான்சன் வடிவமைத்தார். ஏறத்தாழ 1,600 இருக்கைகள் கொண்ட அந்த அரங்கம், மைக் இல்லாத இசைக்குழுவின் ஒலி நிறைந்து ஒலிக்கவென்று கட்டப்பட்டது. அங்கேயே டிரம்ஸும் ஆம்பும் வரும் நிகழ்ச்சிகளுக்கு எதிரொலியை மட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. உங்கள் மண்டபத்தில் பின்சுவரிலும் மேடைக்குப் பின்னாலும் கனமான திரைகளைத் தொங்கவிட முடிந்தால், அதைச் செயற்குழுவிடம் கேட்டுப் பெறுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் நிகழ்ச்சி என்றால் தாழ்ந்த கான்கிரீட் கூரை நிலைமையை இன்னும் மோசமாக்கும். அங்கே பெரிய ஸ்பீக்கர் இரண்டை விட, பார்வையாளர்களுக்கு அருகில் சிறிய ஸ்பீக்கர் நான்கு நல்லது. இரவில் அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள் ஒலியை நிறுத்திவிடவும் வேண்டும், மேல் மாடிகளில் உறங்கும் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கிறார்கள்.

சவுண்ட் செக்கில் நான் குரலிலிருந்து தொடங்குவேன். டிரம்ஸில் தொடங்கி ஒவ்வொரு தோலுக்கும் பத்து நிமிடம் செலவழித்து, கடைசியில் பாடகர்களுக்கு ஐந்து நிமிடம் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பாட்டுக் கேட்க வரும் அவைக்கு அது பொருந்தாது. முதலில் எல்லா வயர்களும் சரியா என்று ஒவ்வொரு சானலாகச் சோதியுங்கள். பிறகு நான்கு குரல்களையும் அவற்றின் மானிட்டர்களையும் அமைத்து முடியுங்கள். அதற்குப் பின் ஒவ்வொரு கருவியாக அந்தக் குரலைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மிக்சர் மேடைக்குப் பக்கத்திலேயே மாட்டப்பட்டிருந்தால், டேப்லட் செயலி வழியாக அதை இயக்கிக்கொண்டு மண்டபம் முழுவதும் நடந்து கேளுங்கள். மேடையோரத்தில் நின்று கேட்பது அவை கேட்கும் ஒலி அன்று. ஆட்கள் நிரம்பியதும் உடைகளும் உடல்களும் உயர் அதிர்வெண்களை உறிஞ்சும். முதல் பாட்டுக்குள் மீண்டும் ஒரு முறை நடந்து பார்த்துக் குரலைத் திருத்துங்கள்.

இரைச்சல் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரில் அந்த 50 ஹெர்ட்ஸ் முனகலோ அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸ் கரகரப்போ கேட்டால், மேடை விளக்குகளும் ஒலிக்கருவிகளும் ஒரே இணைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள், டிஐ பாக்ஸில் சிக்னல் வயரின் தரையிணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தள்ளிப் பாருங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் இணைப்பை மட்டும் யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். மைக்கை உதட்டில் வைத்துக் கிட்டாரைத் தொடும் பாடகரின் உயிர் அந்த ஒரு கம்பியில் இருக்கிறது. பழைய வயர்லெஸ் மைக்குகள் உங்களிடம் இருந்தால், அவற்றின் அலைவரிசை இன்றும் இங்கே அனுமதிக்கப்பட்டதுதானா என்று சரிபாருங்கள். 2019 தொடக்கத்தில் அனலாக் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டதையடுத்து, 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கைப்பேசிச் சேவைகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது.

ஒலியளவு எவ்வளவு என்றும் ஒரு வரையறை வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் வேலையிட இரைச்சல் விதிமுறைகள் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் ஏ (காது உணரும் விதத்துக்கு ஏற்ப அளந்தது) என்ற அளவை எல்லையாகக் கொள்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 94இல் ஒரு மணி நேரம், 100இல் 15 நிமிடம். வாரம்தோறும் மேடையருகே நிற்கும் நாமும் இசைக்கலைஞர்களும்தான் முதலில் செவிப்புலனை இழப்பவர்கள். மிக்சர் இருக்கும் இடத்தில் சராசரி 90ஐ ஒட்டி நிற்கும்படி நடத்தினால், குடும்பத்தோடு வந்தவர்கள் இரண்டரை மணி நேரம் அமர்ந்து கேட்பார்கள். மேடைச் சத்தம் அடங்கியிருந்தால் அந்த அளவிலேயே பாட்டு நிறைவாக ஒலிக்கும்.

புதிய மிக்சர் வேண்டாம். 24 சானல் உங்களுக்குத் தாராளம். ஒவ்வொரு சானலுக்கும் ஈக்யூவும் கம்ப்ரஸரும் அதிலேயே இருக்கின்றன. அந்தப் பணத்தில் உறுதியான மைக் ஸ்டாண்டுகள் நான்கு, டிஐ பாக்ஸ் இரண்டு, மிருதங்கத்துக்கு இரண்டு கிளிப் மைக், ஸ்பீக்கருக்கு உயரமான ஸ்டாண்டுகள், பாடகர்களுக்கு இன்னும் ஒரு மானிட்டர் ஆகியவற்றை வாங்குங்கள். மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் வயர்களும் கனெக்டர்களும் கிடைக்கும். பழைய வயர்களில் கரகரப்பவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியவற்றின் இரு முனையிலும் எண் ஒட்டிக் கொண்டுபோங்கள். இவை வந்து சேர்ந்ததும், டிரம்ஸைப் பக்கவாட்டில் வைத்து முழுக் குழுவோடு ஓர் ஒத்திகையை அதே மண்டபத்தில் நடத்தக் கேளுங்கள். நிகழ்ச்சி நாளுக்குள் அது ஒரு முறையாவது நடந்தாக வேண்டும்.